நிலவரம்: நன்று

என் மனைவி பச்சையைக் கண்டால் போவாள், சிவப்பைக் கண்டால் நிற்பாள். உலகத்தில் எல்லோரும் அப்படித்தானே என்பீர்கள். இல்லை. நீங்களும் நானும் பச்சை விழுந்த பிறகும் ஒரு நொடி யோசிப்போம். அவள் யோசிக்கமாட்டாள். "பச்சைன்னா நமக்காக ஒருத்தர் ஏற்கெனவே யோசிச்சுட்டார்னு அர்த்தம். அப்புறம் நாம வேற தனியா எதுக்கு யோசிக்கணும்?" என்பாள்.

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள். அவளால் கரையேற்ற முடியாமல் போன ஒரே மாணவன் நான்தான். கை சைகைத் தேர்வில் 'நிறுத்தப் போகிறேன்' என்பதற்குப் பதிலாக 'தாராளமாக முந்திக்கொண்டு போங்கள்' என்று காட்டி, பின்னால் பைக்கில் வந்த தேர்வு அதிகாரியை ஒரு லாரிக்கு நேராக அனுப்பப் பார்த்தேன். நான் ஓட்டிப் பழகும்போதெல்லாம் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே வருவாள். எங்கள் காரில் அந்தப் பக்கத்து மிதியடியில் ஓட்டையே விழுந்துவிட்டது.

லீவு விட்டால் அவளுக்கு மலை ஏற வேண்டும். துணைக்கு அவள் தம்பி, அதாவது என் மச்சான், போவான். மச்சான் தங்கமான பையன். ஆனால் லிஃப்டில் அவன் ஏறினால் மற்றவர்கள் மரியாதையாக இறங்கிக்கொள்வார்கள், அந்த உடம்பு. நான் போவதில்லை. நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றினாலே எனக்குத் தலை சுற்றும். பல் செட் செய்து பிழைக்கிற எனக்கு, தரையிலிருந்து ஒரு ஸ்டூல் உயரத்துக்கு மேல் எந்த வேலையும் இல்லை. அவர்கள் திரும்பி வரும் நாளில் ஃபிளாஸ்க்கில் காபியோடு மலையடிவாரத் தொங்குபாலத்துப் பக்கம் போய் நிற்பதுதான் இந்தக் குடும்பத்தின் மலையேற்றத்தில் என் பங்கு.

அந்தத் தடவை அவர்கள் மேலே இருந்தபோது மழை கொட்டி, ஆற்றில் வெள்ளம் போனது. இருவரும் மேலே ஓய்வுக் குடிலில் தங்கிவிட்டார்கள். வெள்ளம் வடிந்ததும், குடில்காரர் வயர்லெஸ்ஸில் சொல்லி, மலைப்பாதை நிலவர அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. "உங்க வீட்டம்மாவும் தம்பியும் காலையில கிளம்பிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள பாலத்துக்கு வந்துருவாங்க. நிலவரம் நன்று" என்றார்கள்.

நன்று என்றுதான் நானும் போனேன்.

தொங்குபாலம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு இரும்புக் கயிறு, நடுவில் பலகை வரிசை, இந்தக் கரையில் இரண்டு தூண், அந்தக் கரையில் இரண்டு. கீழே ஆறு இன்னும் செம்மண் நிறத்தில், வேரோடு பிடுங்கிய மரங்களை உருட்டிக்கொண்டு போனது. ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கத்துத் தூண் ஒன்றில் சாய்ந்தேன். தூணும் என்னோடு சேர்ந்து சாய்ந்தது.

குனிந்து பார்த்தேன். தூணின் அடியில் மண்ணே இல்லை. வெள்ளம் கரையைத் தோண்டி எடுத்துப் போயிருந்தது. ஆடுகிற பல்லை எனக்குத் தெரியும். ஈறு போன பிறகும் அது வெள்ளையாக, வரிசையாக, சிரித்த முகமாகத்தான் நிற்கும். எதையாவது கடிக்கும்வரை நிற்கும். அந்தப் பாலம் கடிக்கக் காத்திருந்தது என் மனைவியை. அதற்கு மேல் என் மச்சானை.

தூணுக்குப் பக்கத்திலேயே உயரமான கம்பம். அதில் பச்சைக் கொடி படபடவென்று பறந்துகொண்டிருந்தது. அந்தக் கரையிலிருந்து பார்த்தால் தூணின் அடி தெரியாது, கொடி மட்டும்தான் தெரியும். கொடிக்கயிறு ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு. செல்போனில் சிக்னல் இல்லை. கத்தினால் என் குரல் என் காதுக்கே எட்டவில்லை, ஆறு அப்படி இரைந்தது. கையை ஆட்டலாம் என்றால், ஒவ்வொரு தடவையும் அவளை வரவேற்க நான் குரங்கு மாதிரி இரண்டு கையையும் ஆட்டுவதுதான் வழக்கம். இன்றைக்கும் ஆட்டினால் அவளும் பதிலுக்கு ஆட்டிக்கொண்டே பாலத்தில் ஏறிவிடுவாள்.

கரைக்கு மேலே மேட்டில் நிலவர அலுவலகம் இருந்தது. ஓடினேன்.

வாசல் மேஜையில் ஓர் அம்மா உட்கார்ந்து பழைய மழைக்கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து.

"அம்மா, கொடிப் பெட்டி சாவி வேணும். பாலம் ஆடுது. என் பொண்டாட்டி வந்துக்கிட்டிருக்கா."

"மூச்சு விடுங்க தம்பி. சாவி இருக்கு. ஆனா கொடி மாத்தணும்னா நிலவரம் மாறணும். நிலவரம் மாறணும்னா கூட்டத்துல சொல்லணும். கூட்டம் இப்ப உள்ளதான் நடக்குது."

"சும்மா பச்சையை இறக்கிட்டாப் போதும்மா."

"கொடி இல்லாத கம்பம்னா கொடி துவைக்கப் போயிருக்குன்னு அர்த்தம். எல்லாரும் பழகிட்டாங்க, அவங்க பாட்டுக்கு நடந்து வருவாங்க. சிவப்பு ஏத்தினாத்தான் நிப்பாங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அதுலயும் ஒரு சிக்கல். சிவப்பு இப்ப கொடியா இல்ல."

"பின்ன?"

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட ஏத்தலையே. பெட்டி பெட்டியா வாங்கிவச்ச துணி, நல்ல வெல்வெட்டு, வீணாப் போகுதேன்னு பெரியவர் வருத்தப்பட்டார். நான்தான் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து மேஜை விரிப்பாத் தச்சுக் குடுத்தேன். உள்ள போங்க, பாப்பீங்க."

உள்ளே போனேன். இருட்டு. ஜன்னல்களில் கனமான திரைச்சீலை. எதிர்ச் சுவரில் ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் நம் பாலத்தின் படம், நல்ல வெயில் நாளில் எடுத்தது, பாலத்தின் மேல் பட்டாம்பூச்சிகூட இருந்தது. நடுவில் நீண்ட மேஜை. அதன் மேல் தரைவரை தொங்கும் சிவப்பு வெல்வெட், சதுரம் சதுரமாகத் தையல் போட்டது. அதன் மேல் மைக், தண்ணீர் டம்ளர்கள், ஒரு வெண்கலக் கேடயம். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். தலைமாட்டில், எல்லோரும் பெரியவர் என்று அழைக்கும் இயக்குநர், மைக்கைப் பிடித்திருந்தார்.

"வெள்ளம் வந்தது. நாம மறைக்கல" என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். "ஆனா வெள்ளம் எங்க வந்துச்சு? ஆத்துல வந்துச்சு. ஆறு நம்ம துறை இல்ல. பாதைதான் நம்ம துறை."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"ஐயா, மன்னிக்கணும். கீழ பாலத்துத் தூண் ஆடுது. நான் தொட்டுப் பாத்தேன்."

பெரியவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வாங்க, உக்காருங்க. பொதுமக்கள் கூட்டத்துக்கு வர்றது நமக்கு சந்தோஷம்தான். தம்பி, இந்த அலுவலகம் ஆரம்பிச்ச நாள்லேருந்து சேதமான பாலம் எத்தனை தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. இந்தக் கேடயம் அதுக்குத்தான்."

"போன வெள்ளத்துல மேல மூணு பாலம் அடிச்சுக்கிட்டுப் போச்சுன்னு சொன்னாங்களே ஐயா."

"போச்சு. நானே பாத்தேன். போன பாலம் எப்படி சேதமான பாலம் ஆகும்? பாலமே இல்லையே. செத்தவனை யாராவது நோயாளிக் கணக்குல சேப்பாங்களா? நிக்குற பாலம் நல்ல பாலம். விழுந்துருச்சுன்னா அது பாலம் இல்ல. இதுக்கு நடுவுல சேதம் எங்கேருந்து வருது?"

அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தேடினேன். பல் செட்டில் ஓட்டையை நான் நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். இதில் முடியவில்லை.

"சரிங்க ஐயா. நல்ல பாலமாவே இருக்கட்டும். யாராவது ஒருத்தர் என்கூட வந்து ஒரே ஒரு தடவை பாத்துட்டா..."

"அது முடியாது. வெள்ளக் காலத்துல ஊழியர்கள் ஆத்துப் பக்கம் போகக்கூடாது. பாதுகாப்பு விதி."

"நடந்து வர்றவங்க?"

"அவங்க ஊழியர்கள் இல்லையே."

பக்கத்தில் ஒருவர் அனுதாபத்தோடு எனக்குத் தண்ணீர் நகர்த்தினார். குடிக்கத் தோன்றவில்லை. வெளியே ஆற்றின் இரைச்சல் சுவர் வழியாகக் கேட்டது. அவள் எந்தத் திருப்பத்தில் வந்துகொண்டிருப்பாளோ. இறக்கத்தில் அவளுக்கு வேகம் அதிகம், வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

"ஆனா புகார்னு ஒண்ணு வந்தா சோதனை பண்ணாம விடமாட்டோம்" என்றார் பெரியவர். "குதியாரைக் கூப்பிடுங்க."

குதியார் என்பவர் பாலப் பரிசோதகர். பாலத்தின் நடுவில் நின்று மூன்று முறை குதிப்பார். குதித்த பிறகும் அவர் அங்கேயே இருந்தால் பாலம் தேறியது. இதுதான் சோதனை. ஒல்லியான மனிதர், முழங்கால் இரண்டிலும் பட்டை கட்டியிருந்தார். ஆற்றுக்குப் போகாமல் எங்கே குதிப்பார் என்று நான் கேட்பதற்குள், இரண்டு பேர் ஒரு பலகையைத் தூக்கிவந்து இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் வைத்தார்கள்.

"பாலத்துக்குப் போட்டது போக மிச்சமான பலகை" என்று குதியார் எனக்கு விளக்கினார். "அதே மரம், அதே ஆணி. இது தாங்கினா அதுவும் தாங்கும். கூடப் பிறந்ததுதானே."

"சார், ஆடுறது தூணு. பலகை இல்ல."

"தூண் கரையில இருக்கு" என்றார் பெரியவர். "கரைக்கு வியாழக்கிழமை தனிக் கூட்டம். வந்து சொல்லுங்க."

குதியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் ஏறினார். முதல் குதி. பலகை முனகியது. இரண்டாவது குதிக்கு முன்னால் முழங்காலைத் தடவிக்கொண்டார். "மெதுவா, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார் பெரியவர். இரண்டாவது குதி. ஒரு டம்ளர் அதிர்ந்தது. மூன்றாவதுக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரற்கடை உயரம் எழும்பி இறங்கினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் இரண்டு தட்டு தட்டினேன். என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

"பாலம் தேறிடுச்சு" என்றார் பெரியவர் மைக்கில். "நிலவரம் நன்று."

நான் எழுந்து நேராக ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துத் திறந்தேன். சாயங்கால வெயில் உள்ளே பாய்ந்தது. சுவரில் இருந்த பாலம் வெளுத்துப்போய் மறைந்தது. ஜன்னலுக்கு வெளியே, கீழே, உண்மையான பாலம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், அந்தக் கரையின் இறக்கத்தில், மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு புள்ளி. அதன் பின்னால் நீல நிறத்தில் பெரியதாக ஒரு புள்ளி.

"ஐயா, அதோ அவங்கதான். வந்துட்டாங்க."

"தம்பி, திரையை மூடுங்க. படம் தெரியல" என்றார் பெரியவர். "பாலத்தைப் பாக்கணும்னா சுவத்துல பாருங்க. அங்க பெருசா, தெளிவா இருக்கு. ஜன்னல்ல போய்ப் பாத்தா என்ன தெரியும்?"

மஞ்சள் புள்ளி திருப்பத்தில் மறைந்து, இன்னும் கீழே வெளிப்பட்டது. இனி ஒரே ஒரு வளைவுதான்.

வாசலில் அந்தச் சாவி அம்மா நின்றுகொண்டிருந்தார். அவரும் ஜன்னலைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

"முடிச்சு எதுவும் போடல தம்பி" என்றார் அமைதியாக. "இழுத்தா வந்துரும்."

மேஜை விரிப்பை உருவி, மேலே இருப்பதெல்லாம் அசையாமல் நிற்கச் செய்யும் வித்தைக்காரர்கள் இருக்கிறார்களாம். நான் அந்த ரகம் இல்லை. டம்ளர்கள் போயின. மைக் கீழே விழுந்து ஊளையிட்டது. கேடயம் குதியாரின் முழங்காலுக்குப் போனது. பத்துப் பதினைந்து கொடிகளின் கனத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நான் வெளியே பாய்ந்தேன். பின்னால் பெரியவரின் குரல், முதல் தடவையாக உடைந்து கேட்டது: "யோவ், அது அலுவலகச் சொத்துய்யா."

இறக்கத்தில் வெல்வெட் காலில் சிக்கி விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன், ஆனால் இந்தத் தடவை சரியான திசையில். கரைக்கு வந்து நிமிர்ந்தபோது அவள் அந்தக் கரைத் தூண்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். கொடியைப் பார்த்தாள். பச்சை. தோள்பட்டையில் பையைச் சரிசெய்துகொண்டு முதல் பலகையில் கால் வைத்தாள். என் பக்கத்துத் தூண் மெதுவாக, ஒரு கொட்டாவி விடுவதுபோல, ஆற்றின் பக்கம் சாய்ந்தது.

விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினேன். காற்று அதில் புகுந்து என்னையே இரண்டடி இழுத்தது. நான் ஆட்டவில்லை. ஆட்டினால் வரவேற்பு. கையை முழுக்க நீட்டி, கல் மாதிரி நின்றேன். கம்பத்தின் மேலே பச்சை, கம்பத்தின் கீழே சிவப்பு. இரண்டில் எதை நம்புவாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் என் கல்யாண வாழ்க்கை முழுவதையும் அவள் கண்ணால் ஒரு தடவை பார்த்தேன். நம்புவதற்கு அதில் அப்படி ஒன்றும் இல்லை.

அவள் இரண்டாவது காலை எடுத்தாள். அந்தக் கால் அந்தரத்தில் நின்றது. அப்புறம் அந்த வலது கால், இருந்த இடத்திலேயே, கீழ்நோக்கி அழுந்தியது. அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது. பிரேக். அதே சமயம் அவள் வலது கை பக்கவாட்டில் நீண்டு, பின்னால் வந்த மச்சானின் மார்பில் குறுக்கே விழுந்தது, காரில் நான் திடீரென்று நிறுத்தும்போது என் மேல் விழுமே, அதே கை. மச்சான் அதில் மோதி நின்றான்.

அவள் காலைப் பின்னால் எடுத்துக் கரையில் வைத்தாள். நான் கையை இறக்கினேன். விரிப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் பெரியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பின்னால் குதியார் நொண்டிக்கொண்டு. ஆற்றுப் பக்கம் ஊழியர்கள் வரக்கூடாது என்ற விதி, மேஜை விரிப்புக்குப் பொருந்தாது போலிருக்கிறது.

"எந்திரிங்க. சேறாகுது" என்றார் பெரியவர். "குதியாரே, பாலத்து நடுவுல போய் நின்னு குதிங்க. இவரு கண்ணால பாக்கட்டும்."

குதியார் பாலத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். "ஏற்கெனவே குதிச்சாச்சே சார். ஒரே பாலத்துக்கு ரெண்டு தடவை குதிச்சா முதல் சோதனை மேல சந்தேகம் வந்துரும்" என்றார். முழங்கால் வலித்தாலும் மூளை வேலை செய்தது அவருக்கு.

"பாருங்க தம்பி, பயம்தான் உங்க பிரச்சினை" என்று பெரியவர் என் பக்கம் திரும்பினார். "இந்தத் தூணு எப்ப நட்டது தெரியுமா? நான் வேலைக்குச் சேந்தப்ப நட்டது. நான் எப்படி நிக்கிறேனோ அப்படி நிக்குது." சொல்லிவிட்டு அதைத் தோளில் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டினார்.

தூண் போய்விட்டது. அவ்வளவுதான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இரும்புக் கயிறு ஒரு சீழ்க்கை அடித்தது, பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தன, ஆறு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வளைவில் திரும்பிப் போனது. தட்டின கை தட்டின இடத்திலேயே நிற்க, பெரியவர் சேற்றில் உட்கார்ந்திருந்தார். பச்சைக் கொடி மட்டும் மேலே உற்சாகமாகப் பறந்துகொண்டிருந்தது.

குதியார் தன் இரண்டு முழங்காலையும் அன்போடு தடவிக்கொண்டார்.

பெரியவர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். ஆற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார். முகத்தில் மெல்லத் தெளிவு வந்தது.

"எங்கே இருக்கு ஆடுற பாலம்?" என்று என்னைக் கேட்டார். "காட்டுங்க."

"இல்லைங்க ஐயா."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

நான் ஆற்றின் பக்கம் திரும்பினேன். அந்தக் கரையில் அவள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கத்திப் பயனில்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. நீட்டிய கையை வட்டமாகச் சுற்றினாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. இடப்பக்கம் திரும்பப் போகிறேன். இடப்பக்கம் என்றால் ஆற்றின் மேல்புறம், பஸ் போகிற சிமெண்ட் பாலம். சுற்றிக்கொண்டு வர நாளையாகும். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கை சைகை எனக்கு முழுசாகப் புரிந்தது. எழுந்து நின்று, கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே திருப்பி, மேலும் கீழுமாக அசைத்தேன். மெதுவாகப் போ. சரியாகத்தான் காட்டினேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மச்சான் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல, அவள் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் அலுவலகத்தில் விழா. இந்த வருஷமும் சேதமான பாலம் ஒன்றும் இல்லை என்று புதுக் கேடயம் வந்திருந்தது. பாதையைப் பயன்படுத்துகிற குடும்பம் என்று எங்களையும் கூப்பிட்டு முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடையில் அதே நீண்ட மேஜை, அதே வெல்வெட், துவைத்து இஸ்திரி போட்டது. ஆனால் ஒரு மூலையில் விரிப்பு ஒரு சதுரம் குறைந்து, பெரியவரின் முழங்காலும் சாக்ஸும் ஊருக்கே தெரிந்தன. "துவைச்சதுல சுருங்கிடுச்சு சார்" என்று சாவி அம்மா அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். எங்களைத் தாண்டிப் போகும்போது நின்று, தன் கைப்பையைக் கொஞ்சம் திறந்து காட்டினார். உள்ளே, மடித்து, சிவப்பாக ஒன்று இருந்தது. "பாலம் திரும்பக் கட்டினா வேணும்ல" என்றார்.

பெரியவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். "வெள்ளம் வந்தது. நாம மறைக்கல."

பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி நேராக மேடையைப் பார்த்தபடி இருந்தாள். அவளுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, பலமாக, இன்னும் பலமாக.

வண்டிதான் நிற்கவில்லை.